அடிபட்டவரைக் குற்றவாளி ஆக்காதீங்க: கர்னல் நெட்வொர்க் கோடில் ரேஸ் கண்டிஷன்

(பேச்சின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

புதுச்சேரி உப்பளத்தில் எங்க வீட்டு மாடி அறையிலிருந்து பேசுறேன். அம்பேத்கர் சாலையில் போற வண்டிச் சத்தம் நடுவில் கேட்டால் பொறுத்துக்கோங்க. ஜன்னலை மூடினால் வேர்க்குது, திறந்தால் ஹாரன்.

என் வேலை லினக்ஸ் கர்னலில் நெட்வொர்க் பகுதி. இன்னிக்கு ரேஸ் கண்டிஷன் பத்திப் பேசப் போறேன். ஏன் இந்தத் தலைப்பை எடுத்தேன்னு முதல்லயே சொல்லிடறேன். சில வருஷத்துக்கு முன்னால் நான் எழுதின கோடில் இருந்த ஒரு பிழைக்கு, எங்க டீமில் புதுசா சேர்ந்திருந்த ஒரு பொண்ணு ரெண்டு மாசம் பழி சுமந்தாங்க. வேணும்னு யாரும் செய்யலை. ரேஸ் கண்டிஷன்கிற பிழையோட குணமே அப்படி. அதைப் புரிஞ்சுக்காமல் சரி செய்யப் போனால், கோடையும் கெடுப்போம், கூட வேலை செய்யறவங்களையும் கெடுப்போம்.

ஒரு மோட்டார், ரெண்டு ஸ்விட்ச்

கர்னல் தெரியாதவங்களும் கேட்பீங்க, அதனால் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்க வீட்டில் மேல் போர்ஷனுக்கும் கீழ் போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே தண்ணி மோட்டார். படிக்கட்டு விளக்குக்குப் போடுவாங்களே, அந்த மாதிரி மேலேயும் கீழேயும் ரெண்டு ஸ்விட்ச். எதை மாத்தினாலும் ஓடற மோட்டார் நிக்கும், நின்ன மோட்டார் ஓடும்.

ஒருநாள் காலையில் மேலே நான் டேங்க்கைப் பார்க்கிறேன், காலி. அதே நேரம் கீழ் வீட்டு அக்கா குழாயைத் திறந்து பார்க்கிறாங்க, தண்ணி வரலை. நான் ஸ்விட்சைத் தட்டினேன், மோட்டார் ஓட ஆரம்பிச்சது. ரெண்டு செகண்ட் கழிச்சு அவங்க தட்டினாங்க, நின்னுடுச்சு. ரெண்டு பேரும் போட்டுட்டோம்னு நினைச்சுக்கிட்டு உள்ளே போயிட்டோம். அரை மணி நேரம் கழிச்சும் டேங்க் காலி.

இதில் யார் தப்பு? நான் செஞ்சது சரி, அவங்க செஞ்சதும் சரி. தனித்தனியா எத்தனை தடவை சோதிச்சுப் பார்த்தாலும் ரெண்டுமே சரியாத்தான் இருக்கும். பார்க்கிறதுக்கும் செய்யறதுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது, அதில் இன்னொருத்தர் நுழைஞ்சுட்டாங்க. அவ்வளவுதான் ரேஸ் கண்டிஷன். யார் முந்துறாங்க என்பதைப் பொறுத்து விடை மாறுற பிழை.

நெட்வொர்க்கில் ஏன் இவ்வளவு அதிகம்?

கர்னலில் எல்லா இடத்திலும் ரேஸ் வரும். ஆனா நெட்வொர்க் பகுதியில் ரொம்ப அதிகம். ஒரே ஒரு சாக்கெட்டை எடுத்துக்கோங்க. அதைத் தொடறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பார்ப்போம்.

பயனரோட புரோகிராம் அனுப்பும், வாங்கும், மூடும், அமைப்பை மாத்தும். அந்தப் புரோகிராமில் பத்து த்ரெட் இருந்தால் பத்து பேர். வெளியிலிருந்து பாக்கெட் வந்தால் நெட்வொர்க் கார்டு இன்டரப்ட் கொடுக்கும். அதுக்குப் பின்னால் சாஃப்ட்-ஐஆர்க்யூ என்கிற இடத்தில் அந்தப் பாக்கெட்டைக் கையாளுவாங்க, அது எந்த சிபியுவில் நடக்கும்னு உங்க புரோகிராமுக்குத் தெரியாது. பதில் வரலைன்னா திரும்ப அனுப்ப டைமர் இருக்கு, அது தன் நேரத்துக்கு அடிக்கும். இதுக்கு நடுவில் அட்மின் அந்த இன்டர்ஃபேஸையே நீக்குவார். இல்லைன்னா கன்டெய்னர் மூடப்பட்டு அதோட நெட்வொர்க் நேம்ஸ்பேஸே கலையும். இத்தனை பேரும் ஒரே நினைவகத் துண்டைத் தொடறாங்க, யாரும் யாரையும் கேட்கறதில்லை.

பழைய காலத்தில் இதுக்கு ஒரு முரட்டுத்தனமான வழி வைச்சிருந்தாங்க. 1996-இல் லினக்ஸ் 2.0 வந்தப்ப ஒன்றுக்கு மேற்பட்ட சிபியு உள்ள கணினியில் ஓடற வசதி வந்தது. அதுக்காக பிக் கர்னல் லாக் என்று ஒரே ஒரு பெரிய பூட்டு. ஒற்றைத் தடத்து ரயில் பாதையில் டோக்கன் வைச்சிருக்கிற வண்டி மட்டும்தான் போகணும்கிற மாதிரி. மோதல் வராது. ஆனா எதிரில் எத்தனை வண்டி காத்திருந்தாலும் ஒண்ணுதான் போகும். அதனால் அந்தப் பூட்டைச் சின்னச் சின்னதா உடைச்சுக்கிட்டே வந்தாங்க. முழுசா எடுத்து முடிக்க 2011 ஆச்சு, 2.6.39 பதிப்பில்தான் அது போச்சு. வேகம் கிடைச்சது. கூடவே, எந்தப் பொருளுக்கு எந்தப் பூட்டு என்று நினைவு வைச்சுக்க வேண்டிய சுமை நம்ம தலையில் வந்தது.

என் பிழை

இப்ப என் கதை. நிறுவனத்தோட பெயர் வேண்டாம். நெட்வொர்க் பெட்டி செய்யற இடம். நான் எழுதின கர்னல் மாட்யூல், வர்ற போற இணைப்புகளை ஒரு ஹாஷ் டேபிளில் குறிச்சு வைக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு டைமர். கொஞ்ச நேரம் பாக்கெட் எதுவும் வரலைன்னா அந்த இணைப்பை நீக்கிடும்.

ரெண்டு வருஷம் நல்லா ஓடுச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு புள்ளிவிவரம் சேகரிக்கிற ஒரு பகுதியை எழுதி உள்ளே சேர்த்தாங்க. ரெண்டு வாரத்தில் வாடிக்கையாளர் இடத்தில் பெட்டி விழுந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஸ்டாக் ட்ரேஸில் அவங்க ஃபங்ஷன் பெயர்தான் மேலே.

மீட்டிங்கில் யாருக்கும் சந்தேகமே இல்லை. புதுசா வந்தது அந்தக் கோடு, விழறது அந்தக் கோடு. வேற என்ன வேணும்? எனக்கும் சந்தேகம் இல்லை. அவங்க தன்னோட இருநூறு வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சாங்க. ஒண்ணும் கிடைக்கலை. "கிடைக்கலை"ன்னு சொன்னப்ப, நல்லா பார்க்கலைன்னு அதுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கிட்டாங்க. கடைசியில் அவங்களை டெஸ்டிங் வேலைக்கு மாத்தி, பிழையை என்கிட்ட கொடுத்தாங்க.

நான் என்ன செஞ்சேன்? எல்லாரும் செய்யறதைத்தான். நடுவில் நாலு பிரின்ட்-கே போட்டேன். பிழை காணாமல் போச்சு. எடுத்தேன், திரும்ப வந்தது. சரி, ஏதோ நேரப் பிரச்சினைன்னு சின்னதா ஒரு தாமதத்தைப் போட்டு, நல் பாயிண்டரான்னு ஒரு சோதனையும் போட்டு அனுப்பிட்டேன். மூணு வாரம் அமைதி. நான் பெருமையா இருந்தேன். நாலாவது வாரம் ராத்திரி ரெண்டரை மணிக்கு போன்.

தாமதம் போட்டால் ரேஸ் போகாது. இடைவெளி வேற இடத்துக்கு நகரும், இல்லைன்னா சுருங்கும். பத்து நாளுக்கு ஒருமுறை வந்தது முப்பது நாளுக்கு ஒருமுறை வரும். பிழை சரியாகலை, பிடிக்கிறதுதான் இன்னும் கஷ்டமாச்சு.

அப்புறம்தான் ஒழுங்கா உட்கார்ந்தேன். கே-ஆசான் என்று கர்னலில் ஒரு கருவி இருக்கு, 2015-இல் 4.0 பதிப்பிலிருந்து. விடுவிக்கப்பட்ட நினைவகத்தை யாராவது தொட்டால் கத்தும். பெட்டியில் அதை ஓட்ட நினைவகம் போதாது. அதனால் சாதாரண கணினி ஒண்ணில் கே-ஆசானோட கர்னலைக் கட்டி, இணைப்புகளைத் திறந்து மூடித் திறந்து மூடி ஓட விட்டேன். மூணாவது நாள் அறிக்கை வந்தது. கே-ஆசான் அறிக்கையில் மூணு தடம் இருக்கும்: இப்ப தொட்டது யார், முதலில் ஒதுக்கினது யார், நடுவில் விடுவிச்சது யார். மூணுமே என் ஃபைல். அவங்க பெயர் எங்கேயும் இல்லை.

நடந்தது இதுதான். ஒரு நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. இடது பக்கம் சிபியு 0, இணைப்பை மூடிக்கிட்டிருக்கு. வலது பக்கம் சிபியு 1.

1. சிபியு 1: டைமர் நேரம் ஆச்சு. டைமரோட ஹேண்ட்லர் ஓட ஆரம்பிக்குது.
2. சிபியு 0: டைமரை நீக்கு என்று டெல்-டைமரைக் கூப்பிடுது. காத்திருக்கிற டைமர் எதுவும் இல்லைன்னு அது உடனே திரும்பிடுது.
3. சிபியு 0: சரி, டைமர் இல்லைன்னு நம்பி, இணைப்போட நினைவகத்தை விடுவிக்குது.
4. அதே நினைவகத் துண்டு வேற ஒருத்தருக்குப் போகுது. அளவு ஒத்துப்போனதால் அந்தப் பொண்ணோட புள்ளிவிவரப் பகுதிக்கு.
5. சிபியு 1: இன்னும் ஓடிக்கிட்டிருக்கிற ஹேண்ட்லர், பழைய இணைப்புன்னு நினைச்சு அதில் எழுதுது.

அஞ்சாவது வரியில் கெட்டது அவங்களோட தரவு. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்க ஃபங்ஷன் அதைப் படிக்கும்போது விழும். ஸ்டாக் ட்ரேஸில் அடிபட்டவங்க பெயர் இருக்கு. அடிச்சவன் எப்பவோ போயிட்டான். அவங்க கோடு வர்றதுக்கு முன்னாலும் என் பிழை இருந்தது. அப்ப யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் எழுதிக்கிட்டிருந்தது, யாரும் கவனிக்கலை.

மூணு தடவை திருத்தினேன்

டெல்-டைமர் என்பது "இனிமேல் அடிக்காதே" என்று மட்டும் சொல்லும். ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற ஹேண்ட்லருக்காகக் காத்திருக்காது. காத்திருக்க டெல்-டைமர்-சிங்க் என்று தனியா ஒண்ணு உண்டு. இப்ப அதுக்கு டைமர்-டெலீட்-சிங்க் என்று பெயர். ஒரு சொல் மாத்தினால் போதும்னு நினைச்சு மாத்தினேன்.

பெட்டி உறைஞ்சு போச்சு. ஏன்னா, மூடற ஃபங்ஷன் டேபிளோட பூட்டைக் கையில் வைச்சுக்கிட்டு ஹேண்ட்லர் முடியக் காத்திருக்கு. ஹேண்ட்லரோ அதே பூட்டுக்காகக் காத்திருக்கு. ரெண்டு பேரும் "நீங்க முதல்ல போங்க"ன்னு வாசலில் நிக்கிற கதை. டெட்லாக். விழுந்த பெட்டி தானா ரீபூட் ஆகும். உறைஞ்ச பெட்டியை ஒரு ஆள் போய் அணைச்சுப் போடணும். என் திருத்தம் பிழையைவிட மோசம்.

ரெண்டாவது தடவை, பூட்டு இருக்கும்போது டேபிளிலிருந்து இணைப்பை எடுத்துட்டு, பூட்டை விட்டுட்டு, அதுக்கப்புறம் டைமருக்காகக் காத்திருந்து, கடைசியில் விடுவிக்கிற மாதிரி வரிசையை மாத்தினேன். இந்தத் தடவை அனுப்பறதுக்கு முன்னால் அந்த ரெண்டு பத்தியை வெள்ளைப் பலகையில் எழுதி, டீமைக் கூப்பிட்டேன். அந்தப் பொண்ணையும் கூப்பிட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க. அவங்க மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அண்ணா, பாக்கெட் வர்ற இடம் இதில் எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க.

நான் ரெண்டு பத்திதான் போட்டிருந்தேன். மூணாவது ஒண்ணு வேணும். பாக்கெட் வர்ற பாதை, டேபிளில் தேடி இணைப்போட பாயிண்டரை ஏற்கெனவே கையில் எடுத்திருக்கும். நான் டேபிளிலிருந்து நீக்கி, டைமரை நிறுத்தினதுக்கு அப்புறம், அது "பாக்கெட் வந்துடுச்சு, டைமரைத் திரும்ப வை"ன்னு வைச்சுடும். செத்தவனுக்கு அலாரம் வைக்கிற மாதிரி.

மூணாவது திருத்தம்தான் நின்னது. இணைப்புக்கு ரெஃபரன்ஸ் எண்ணிக்கை வைச்சோம். பாயிண்டரை எடுக்கிறவங்க எல்லாரும் எண்ணிக்கையைக் கூட்டணும், முடிச்சால் குறைக்கணும், பூஜ்யம் ஆகும்போதுதான் விடுவிக்கணும். கூடவே "மூடப்படுது" என்று ஒரு குறி. அதைப் பூட்டுக்குள் பார்த்துட்டுத்தான் டைமரைத் திரும்ப வைக்கலாம். இந்தச் சிக்கல் பலருக்கும் வந்ததால், 2023 பிப்ரவரியில் வந்த 6.2 பதிப்பில் டைமர்-ஷட்டவுன்-சிங்க் என்று ஒண்ணு கர்னலிலேயே சேர்ந்தது. அதைக் கூப்பிட்டதுக்கு அப்புறம் யார் திரும்ப வைச்சாலும் டைமர் எடுக்காது.

இதே பாடம், உலகம் பார்க்க

இது எங்க ஆபீஸ் அளவில் நடந்தது. இதே மாதிரி லினக்ஸ் கர்னலிலேயே எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒண்ணு நடந்திருக்கு. விர்ச்சுவல் மெஷினும் அதைத் தாங்குற கணினியும் பேசிக்க வி-சாக் என்று ஒரு சாக்கெட் வகை உண்டு. 2021 ஜனவரியில் அலெக்சாண்டர் போபோவ் என்கிற பாதுகாப்பு ஆய்வாளர் அதில் ஒரே மாதிரியான அஞ்சு ரேஸ்களைக் கண்டுபிடிச்சார். சிவிஇ-2021-26708 என்பது அதோட எண்.

பிழை இவ்வளவுதான். ஃபங்ஷனோட ஆரம்பத்தில், சாக்கெட்டின் டிரான்ஸ்போர்ட் பாயிண்டரை ஒரு லோக்கல் வேரியபிளில் எழுதி வைச்சுக்குது. அடுத்து லாக்-சாக் கூப்பிட்டு சாக்கெட்டைப் பூட்டுது. அப்புறம் எழுதி வைச்ச பாயிண்டரைப் பயன்படுத்துது. எழுதினதுக்கும் பூட்டினதுக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் கனெக்ட் கூப்பிட்டு டிரான்ஸ்போர்ட்டையே மாத்திட்டால்? கையில் இருக்கிறது பழைய விலாசம்.

வாடகை வீட்டை நினைச்சுக்கோங்க. நண்பன் விலாசத்தைச் சீட்டில் எழுதி வைச்சுக்கிட்டு, சாப்பாட்டுக் கேரியரோட கிளம்புறீங்க. நடுவில் அவன் வீட்டைக் காலி பண்ணிட்டான், வேற குடும்பம் வந்தாச்சு. நீங்க பாட்டுக்கு சமையலறை வரைக்கும் போய் கேரியரை வைக்கிறீங்க. போபோவ் அதைத்தான் செஞ்சு காட்டினார். விடுவிக்கப்பட்ட இடத்தில் நாலே நாலு பைட் எழுத முடியுது. அதை வைச்சே, ஃபெடோரா 33 சர்வரில் சாதாரணப் பயனராக நுழைஞ்சு ரூட் அதிகாரம் வரைக்கும் போனார். வி-சாக் சாக்கெட்டை உருவாக்கத் தனி அதிகாரம் எதுவும் வேண்டாம். மாட்யூல் தானாகவே ஏறிக்கும்.

இதுக்கான பேட்ச்? அஞ்சு இடத்திலும் அந்த ஒரு வரியை எடுத்து, பூட்டுக்குக் கீழே வைக்கிறது. அவ்வளவுதான். முதலில் பூட்டு, அப்புறம் விலாசத்தைப் பார்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேற. அந்த அஞ்சு வரியும் எழுதினப்ப தப்பு இல்லை. டிரான்ஸ்போர்ட் மாறாத பொருளாக இருந்தவரைக்கும், அதைப் பூட்டுக்கு முன்னால் படிச்சாலும் பின்னால் படிச்சாலும் ஒண்ணுதான். 2019 நவம்பரில் ஒரே சாக்கெட் பல டிரான்ஸ்போர்ட்டைப் பயன்படுத்தலாம்கிற வசதி சேர்ந்தப்ப, மாறாதது மாறக்கூடியதாச்சு. அந்த வரிகளை யாரும் தொடலை. சுத்தியிருந்த விதி மாறினதால் அவை பிழையாச்சு. போபோவ் பேட்ச்சோட விளக்கத்திலும், மறைமுகமாக நுழைந்த பிழைகள் என்றுதான் இருக்கு.

இன்னொண்ணையும் சுருக்கமா சொல்றேன். 2016 கடைசியில் பிலிப் பெட்டர்சன் என்பவர் ஏஎஃப்-பாக்கெட் சாக்கெட்டில் ஒரு ரேஸைக் கண்டுபிடிச்சார். ரிங் பஃபர் இருக்கும்போது பதிப்பை மாத்தக் கூடாது என்று கோடு சோதிக்கும். ஆனா சோதனை பூட்டுக்கு வெளியே. நம்ம மோட்டார் கதை. பார்த்தாச்சு, தட்டறதுக்குள்ள இன்னொருத்தர் தட்டிட்டார். அந்தப் பிழை 2011-இலிருந்து, அஞ்சு வருஷம் கர்னலில் இருந்தது. இத்தனை கண்கள் படிச்ச கோடு. தனித்தனியா படிச்சால் எல்லாம் சரிதானே, அதனால்தான் தெரியலை.

எப்படிப் பிடிக்கிறது

கண்ணால் படிச்சு ரேஸைப் பிடிக்கலாம், ஆனா அதை நம்பியே இருக்கக் கூடாது. கருவிகள் இருக்கு.

லாக்டெப், 2006-இலிருந்து இருக்கு. எந்தப் பூட்டுக்குப் பின்னால் எந்தப் பூட்டு எடுக்கிறீங்கன்னு குறிச்சுக்கிட்டே வரும். ரெண்டு இடத்தில் வரிசை மாறியிருந்தால், உண்மையான டெட்லாக் நடக்கறதுக்கு முன்னாலேயே எச்சரிக்கும். என் முதல் திருத்தத்தை லாக்டெப்போட ஓட்டியிருந்தால் வாடிக்கையாளர் வரைக்கும் போயிருக்காது.

கேசிசான், 2020-இல் 5.8 பதிப்பில் வந்தது. இது சிபியு ஒரு நினைவகத்தைத் தொடும்போது அங்கே ஒரு காவல் வைச்சு, கொஞ்சம் நிறுத்தி வைக்கும். அந்த நேரத்தில் வேற சிபியு அதே இடத்தைத் தொட்டால் ரெண்டு பேரையும் பிடிச்சுக் கொடுக்கும். பாருங்க, இங்கேயும் தாமதம்தான். ரேஸைக் கண்டுபிடிக்கத் தாமதம் போடுங்க, இடைவெளியைப் பெரிசாக்குங்க. அதையே மருந்துன்னு கொடுக்காதீங்க.

சிஸ்காலர் என்று கூகுளில் உருவாக்கின கருவி, சிஸ்டம் கால்களைக் கலைச்சுப் போட்டு, பல த்ரெட்டில் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கும். அதோட தானியங்கி வடிவம் சிஸ்பாட். 2017-இலிருந்து பிழைகளைப் பொதுவெளியில் அறிவிச்சுக்கிட்டு இருக்கு. நெட்வொர்க் பகுதிக்கே நிறைய வருது. கல்லூரி மாணவர்கள் கேட்கிறாங்க, கர்னலில் எங்கே ஆரம்பிக்கிறதுன்னு. சிஸ்பாட் பட்டியலில் திறந்திருக்கிற ஒரு நெட்வொர்க் பிழையை எடுங்க. திருத்த வேண்டாம். முதலில் அந்த ரெண்டு பத்தியை மட்டும் எழுதிப் பாருங்க.

பூட்டே இல்லாமல்

எல்லாத்துக்கும் பூட்டுதான் வழின்னு நினைக்க வேண்டாம். ரூட்டிங் டேபிள் மாதிரி லட்சம் தடவை படிக்கிற, எப்பவாவது மாத்துற பொருளுக்கு ஒவ்வொரு தடவையும் பூட்டு போட்டால் வேகம் போயிடும். அதுக்கு ஆர்சியு. படிக்கிறவங்க பூட்டு எடுக்கறதில்லை. மாத்துறவர் புதுப் பிரதி ஒண்ணு தயார் பண்ணி, பாயிண்டரை மட்டும் மாத்திடுவார். பழையதை உடனே விடுவிக்க மாட்டார். ஏற்கெனவே உள்ளே போனவங்க எல்லாரும் வெளியே வரும்வரைக்கும் காத்திருப்பார். வாசல் பலகை மாறிட்டதால் புதுசா யாரும் பழைய வீட்டுக்குப் போக மாட்டாங்க. உள்ளே இருக்கிறவங்க வந்த பிறகு இடிச்சுக்கலாம்.

இதோட பின்னணியில் பால் மெக்கென்னியின் வேலை இருக்கு. லினக்ஸுக்குள் அது 2002 அக்டோபரில், 2.5.43 பதிப்பில் வந்தது. கொண்டுவந்தவர் தீபங்கர் சர்மா, ஐபிஎம்மின் பெங்களூரு மையத்தில் வேலை செய்தவர். ஆரம்பத்தில் இதைப் பயன்படுத்தின இடங்களில் ஒண்ணு ஐபிவி4 ரூட் கேஷ். நம்ம ஊர்ப் பசங்க கர்னல் என்றாலே எங்கேயோ அமெரிக்காவில் நடக்கிற வேலைன்னு நினைக்கிறாங்க. இன்னிக்கு உங்க போனில் போற பாக்கெட்டும் அந்த வழியை நம்பித்தான் போகுது, அதில் இங்கிருந்து ஆறு மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்து எழுதின கை இருக்கு.

ஆனா ஆர்சியு, பொருள் உயிரோட இருக்குன்னு மட்டும்தான் உறுதி கொடுக்கும். அதில் இருக்கிற விவரம் புதுசு என்று உறுதி கொடுக்காது. இதை மறந்து எழுதற பிழைகளும் நிறைய.

பேட்ச் எழுதறது

ஒரு வரிதானே மாத்தறோம், எதுக்கு ரெண்டு பக்க விளக்கம்னு கேட்பாங்க. ரேஸ் பேட்ச்சில் அந்த விளக்கம்தான் வேலை. நெட்வொர்க் பகுதியின் நல்ல கமிட் செய்திகளைப் படிச்சுப் பாருங்க. சிபியு 0, சிபியு 1 என்று ரெண்டு பத்தி, எது முன்னால் எது பின்னால் என்று வரிசை. கீழே, எந்தக் கமிட்டில் இந்தப் பிழை நுழைஞ்சது என்று ஃபிக்ஸஸ் குறி. பழைய பதிப்புகளைப் பராமரிக்கிறவங்க அதைப் பார்த்துத்தான் எங்கெல்லாம் இந்தத் திருத்தம் போகணும்னு முடிவு செய்வாங்க.

அந்த ரெண்டு பத்தியை எழுத முடியலைன்னா உங்களுக்குப் பிழை இன்னும் புரியலை. பிரின்ட்-கே போட்டேன் போயிடுச்சு, தாமதம் போட்டேன் போயிடுச்சு, இதெல்லாம் புரிதல் இல்லை. எழுத முடிஞ்சால், பூட்டு எங்கே வரணும்னு பத்தியே சொல்லிடும். ஃபிக்ஸஸ் குறியில் ஒருத்தரோட கமிட் வர்றதும் குற்றச்சாட்டு இல்லை. வி-சாக்கில் பார்த்தோமே, சரியா எழுதின வரிகூட விதி மாறினால் தப்பாயிடும்.

எங்க கதையோட முடிவு. திருத்தம் உள்ளே போன அன்னிக்கு டீம் முழுக்க ஒரு மெயில் அனுப்பினேன். பிழை என் ஃபைலில், என் ஃபங்ஷனில், ரெண்டு வருஷமா இருந்ததுன்னு. மூணாவது பத்தியைக் கண்டுபிடிச்சது அவங்கன்னு கமிட்டிலும் பெயர் போட்டேன். அதுக்குப் பதிலா அவங்க அனுப்பினது ஒரே வரி: "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே பலகையில் எழுதியிருக்கலாம் அண்ணா." அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. டெஸ்டிங்கிலிருந்து திரும்ப எங்க வேலைக்கு வர அவங்களுக்கு இன்னும் நாலு மாசம் ஆச்சு. மெயில் அனுப்பினால் பிழை மூடப்படும், போன மாசங்கள் திரும்ப வராது.

அதனால் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த தடவை ஸ்டாக் ட்ரேஸில் ஒரு பெயரைப் பார்த்தால், அவங்களைக் கூப்பிட்டுத் திட்டறதுக்கு முன்னால் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அந்த நேரத்தில் வேற யார் ஓடிக்கிட்டிருந்தாங்கன்னு எழுதுங்க. பல நேரம் அந்தப் பக்கம் உங்க பெயரே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் எழுதி அனுப்புங்க, அடுத்த பகுதியில் பேசலாம்.